கஷ்டப்படுகிற விவசாயக் குடும்பத்துக்கு என்ன கொடுக்கலாம்: பொதியா, மாடா, கடனா, காசா?

எங்கள் பக்கத்து ஊர்ச் சங்கங்களில் வருஷா வருஷம் வரும் பேச்சு இது. கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் கொஞ்சம் காசு சேர்த்து, "விவசாயம் செய்து கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்குக் குடுங்க" என்று அனுப்புவார்கள். இங்கே கூட்டம் வைப்போம். உலருணவுப் பொதி என்பார் ஒருவர். கறவை மாடு என்பார் இன்னொருவர். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்கினால் இன்னொரு குடும்பத்துக்கும் ஆகுமே என்பார் மூன்றாமவர். "காசாகவே கையில் குடுத்தா என்ன?" என்று யாராவது கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரு தயக்கம் வந்துவிடும்.

அந்தத் தயக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மூதூர், வெருகல், தம்பலகாமம், கிண்ணியா என்று நம் திருகோணமலை மாவட்டத்தில் வெள்ளாமையை நம்பி இருக்கிற குடும்பத்துக்கு, சரியான நேரத்தில் கொடுக்கிற காசு மற்ற எதையும்விட நல்லது என்பது என் முடிவு. ஆனால் அந்த "சரியான நேரத்தில்" என்பதை எடுத்துவிட்டால் என் வாதத்தில் பாதி போய்விடும்.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். ஈச்சிலம்பற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் செய்கிற புருஷன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் இரண்டு போகம், வராவிட்டால் பெரும்போகம் மட்டும். 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் ஊரை விட்டு ஓடி, வாகரை, மட்டக்களப்பு என்று முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து காடு வெட்டி மறுபடி வயலாக்கியவர்கள். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. 2022இல் எல்லாம் விலை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலின் வெள்ளம். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் நகை போயிருக்கும், கொஞ்சம் கடன் ஏறியிருக்கும். சோம்பேறிகள் என்று இவர்களைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இந்த வீட்டுக்கு எங்கே காசு ஒழுகுகிறது என்று தெரியாமல் என்ன உதவி என்று தீர்மானிக்க முடியாது. ஒக்டோபரில் உழவு தொடங்கும். உழவு மெசினுக்கு, விதைநெல்லுக்கு, பசளைக்கு, களைக்கு அடிக்கிற எண்ணெய்க்கு என்று செலவு எல்லாம் முன்னால் நிற்கும். கையில் ஒன்றும் இராது. தோடு அடைவுக்குப் போகும், அதுவும் போதாது. அப்புறம் நெல் வியாபாரியிடமோ பசளைக் கடையிலோ கணக்குக்கு எடுப்பார்கள். வட்டி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கடன் சாமானுக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். கூடவே ஒரு பேச்சு இருக்கும்: வெட்டுகிற நெல்லை எனக்கே தரவேண்டும்.

பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு மெசின் வரும். மாவட்டம் முழுக்க ஒரே மூன்று நான்கு கிழமையில் வெட்டு நடப்பதால் மெசின் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்தால் கூலி உடனே காசாக வேண்டும். வரம்போரத்தில் லொறி நிற்கும். நெல் மெசினில் இருந்து சாக்குக்கு, சாக்கில் இருந்து தராசுக்கு, தராசில் இருந்து லொறிக்கு. ஈரம் என்று ஒரு கழிவு, சாக்கு எடை என்று ஒரு கழிவு. அன்றைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அதுவும் இறங்கும். சாயந்தரத்துக்குள் கணக்குப் பார்த்து, ஒக்டோபரில் எடுத்ததைக் கழித்து, மிச்சத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாலு மாதம் நாயாய்ப் பேயாய்க் காத்த வெள்ளாமை, யானை வெடி கொளுத்திக் கொளுத்தி இரவெல்லாம் முழித்துக் காத்த வெள்ளாமை, ஒரே நாளில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: நாடு என்கிற நெல் ரகம் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு வாங்கும், ஆனால் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது காயவைக்க வேண்டும். படங்கு வேண்டும், மூன்று நாலு நாள் வெயில் வேண்டும், நெல்லைத் துழாவக் கை வேண்டும், களஞ்சியம் வரை கொண்டுபோக வண்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாட்களில் காசு இல்லாமல் இருக்கக்கூடிய தெம்பு வேண்டும். கடன்பட்டவருக்கு அந்தத் தெம்புதான் இல்லை. நெல் அவருடைய வயலில் விளைந்தாலும் அது எப்போது விற்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறொருவர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த பின் 3,000 கிலோ விற்க இருக்கிறது என்று வைப்போம். காயும்போது குறைகிற எடையையும் கழித்துவிட்டு, ஈரத்தில் விற்பதற்கும் பொறுத்து விற்பதற்கும் கிலோவுக்கு 15 ரூபா வித்தியாசம் வந்தாலே 45,000 ரூபா. 2024 பெரும்போகத்தில் இருந்து அரசாங்கம் பசளைக்கென்று ஹெக்டேருக்கு 25,000 ரூபா கொடுக்கிறது. இரண்டு ஏக்கருக்கு அது ஏறக்குறைய 20,000. அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் களத்திலேயே போய்விடுகிறது. பசளைக் காசும் கமநல சேவை நிலையத்துப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். குத்தகைக்காரர் பெயர் பதிவில் இல்லாவிட்டால் அந்த ஏக்கருக்கு அதுவும் இல்லை.

இப்போது சங்கத்தின் கையில் 150,000 ரூபா இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் இந்தக் குடும்பத்தோடு வைத்துப் பார்ப்போம்.

உலருணவுப் பொதியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வெள்ளம் வந்து பாதை அறுந்து கடை பூட்டிக் கிடக்கிற முதல் கிழமையில் பொதியும் சமைத்த சாப்பாடும் உயிர் காக்கும். மற்ற நாட்களில் அரிசி விளைவிக்கிறவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்து, பெனர் பிடித்துப் படம் எடுத்துவிட்டு வருவதாகத்தான் முடியும். அந்தப் படத்தில் நிற்கிற பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும், படம் ஊரெல்லாம் போனில் சுற்றும்.

மாடு, ஆடு, கோழிக்கூடு, தண்ணீர்ப் பம்ப் போன்றவற்றுக்கு இங்கே "வாழ்வாதார உதவி" என்று பெயர். போர் முடிந்த பிறகு எத்தனையோ நிறுவனங்கள் இதைத்தான் கொடுத்தன. நல்ல மனதோடு கொடுத்ததுதான். வெருகல் பக்கத்தில் ஒரு அக்கா என்னிடம் சொன்னதை இப்போதும் நினைப்பேன்: "தம்பி, மாடு நல்ல மாடுதான். அதுக்குப் புல்லு வெட்ட நான் போனா வயலுக்கு யாரு போறது?" பெரும்போகம் விதைத்தவுடன் ஊர் மாடுகளை வயல்வெளியில் விடமுடியாது, தூரத்து மேய்ச்சல்தரைக்குக் கலைத்துப் போவார்கள். ஊர் மாடு அப்படிப் பிழைத்துவிடும். நல்லினக் கறவை பிழைக்காது. அதைக் கட்டிவைத்துத் தீன் போட வேண்டும், மிருக வைத்தியருக்கு எடுக்க வேண்டும், பாலைச் சேகரிக்கிற இடத்துக்குக் காலையில் கொண்டுபோக வேண்டும். அந்த வீட்டில் வேலைக்கு இருக்கிற இரண்டு கைகளும் வயலில் இருக்கிற காலம் அது. கடைசியில் கடன்காரர் வாசலுக்கு வந்த ஒருநாள் மாடு வாங்கிய விலையில் பாதிக்குப் போகும். மாடு வளர்த்துப் பழகிய குடும்பம், தானே "மாடு தாங்க" என்று கேட்டால் அது வேறு கதை, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குக் காசைக் கொடுத்தாலும் மாடுதான் வாங்குவார்கள். நம்மைவிட நல்ல மாடாகவும் பார்த்து வாங்குவார்கள்.

இந்த விஷயத்தில் நம் நாட்டிலேயே செய்து பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் மூவரும் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சின்னச் சின்னத் தொழில் செய்பவர்களைத் தெரிந்தெடுத்து, குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000, சிலருக்கு 20,000 ரூபா பெறுமதியான உதவி கொடுத்தார்கள். பாதிப்பேருக்குப் பொருளாக, அதுவும் அவர்களே கேட்ட பொருளாக. மற்றப் பாதிக்குக் காசாக, எதற்கும் செலவழிக்கலாம் என்று சொல்லி. போட்ட முதலுக்கு மாதம் ஏறக்குறைய 5 வீதம் வருமானம் கூடியது, பொருளாகக் கொடுத்ததற்கும் காசாகக் கொடுத்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பெண்கள் நடத்திய தொழில்களில் அந்த வருமானம் கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, அதை மறைத்துப் பேசக்கூடாது. வாங்குபவரே தீர்மானித்தால் காசு வீணாகிவிடும் என்கிற பயத்துக்கு மட்டும் அந்த ஆய்வில் இடமில்லை.

அடுத்தது கடன். வட்டியில்லாச் சுழற்சிக் கடன் கேட்க அழகாக இருக்கிறது. நம் பகுதியில் கடன் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். போருக்குப் பின் வீட்டுக்கு வீடு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் பொறுப்பு. விவசாயிக்கு வருஷத்தில் ஒன்று அல்லது இரண்டு முறைதான் காசு வரும், கிழமைக் கடன் 52 முறை வாசலுக்கு வரும். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, இரவில் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்கி இருந்த பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். நிலைமை முற்றித்தான் 2018இல் அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. திருகோணமலையும் அதில் ஒன்று. வட்டிக்கும் 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த உச்சவரம்பே எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

நம் சங்கக் கடனுக்கு வட்டி இல்லை, மிரட்டல் இல்லை, சரி. ஆனால் வெள்ளம் வந்து வயல் போய்விட்ட வருஷத்தில் என்ன செய்வோம்? கேட்டால் பாவம், கேட்காவிட்டால் மற்றவர்களும் கட்ட மாட்டார்கள். கடன் வாங்கிய குடும்பம் கோயிலில் சங்கத் தலைவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். சொந்த ஊரில் அப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக்கூடாது. கொஞ்சம் தலையெடுத்துவிட்ட, போகம் பிழைத்தாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பங்களுக்குச் சுழற்சிக் கடன் பொருந்தும். நான் சொல்கிற குடும்பத்துக்குப் பொருந்தாது.

இனிக் காசு. இதிலும் இரண்டு வழி இருக்கிறது: மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக, அல்லது மொத்தமாக. கென்யாவின் ரரியேடா பகுதியில் கிவ்டைரெக்ட்லி என்ற நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் அனுப்பியது. ஹவுஸ்ஹோஃபர், ஷபீரோ என்ற இருவர் அதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். மாதா மாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு சீரானது. மொத்தமாக வாங்கியவர்கள் கூரைத் தகரம் போன்ற நிலைத்து நிற்கிற பொருட்கள் வாங்கினார்கள். இரண்டுமே நல்லதுதான், எது தேவை என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் மாதக் காசுக்கு அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்திட்டம் இருக்கிறது. 2023 யூலையில் தொடங்கியது. 2025 ஜனவரியில் இருந்து வறியவர் என்ற பிரிவுக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறியவருக்கு 17,500 ரூபா. அது அடுப்படிக்குப் போகிறது. மாவுக்கும் பருப்புக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் போகிறது, போகத்தான் வேண்டும். அதில் மிச்சம் பிடித்து உழவுக் கூலி கட்ட ஒருவராலும் முடியாது. ஆகவே அஸ்வெசும கிடைக்கிற குடும்பத்துக்கு நாமும் மாதக் காசு கொடுப்பது அதே பானையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதுதான். அவர்களிடம் இல்லாதது மொத்தப் பணம், அதுவும் வருஷத்தில் இரண்டு நேரத்தில். பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பம் என்றால் என் பதில் மாறும். அவர்களுக்கு முதலில் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையான மூன்று மாதத்துக்குச் சாப்பாட்டுக் காசு, அதோடு பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு போட ஒருவர் கூடப் போக வேண்டும்.

அந்த இரண்டு நேரங்கள் எவை என்று மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும். ஒன்று உழவுக்கு முன், ஒக்டோபர் தொடக்கத்தில். இரண்டு வெட்டுக்கு முன், ஜனவரி கடைசியில். முதல் பணம் வியாபாரியிடம் கணக்கு வைக்காமல் காப்பாற்றும். கடையில் காசுக்கு வாங்கலாம், காசு விலைக்கே வாங்கலாம். இரண்டாவது பணம் வெட்டு மெசின் கூலிக்கும், படங்குக்கும், சாக்குக்கும், அந்தப் பத்து நாள் வீட்டுச் செலவுக்கும். அதற்குப் பிறகு நெல்லை எப்போது, யாருக்கு விற்பது என்று அந்த வீட்டுக்காரர் தீர்மானிப்பார். அந்த ஆண்டு சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லையும் ஒதுக்கி வைக்கலாம். இல்லாவிட்டால் பெப்ரவரியில் மலிவாக விற்றுவிட்டு ஓகஸ்டில் கடையில் அரிசி வாங்குகிற கொடுமைதான். கென்யாவில் சோளம் செய்கிற குடும்பங்களுக்கு அறுவடை நேரத்தில் கடன் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் 2019இல் வந்தது. உடனே விற்காமல் வைத்திருந்து விலை ஏறியபின் விற்க முடிந்ததால் அவர்களுக்கு வருமானம் கூடியது. அங்கே அது கடனாகக் கொடுக்கப்பட்டது. நான் இங்கே எடுத்துக்கொள்வது நேரம் பற்றிய பாடத்தை.

150,000 ரூபாவை எப்படிப் பிரிப்பது? என் எண்ணத்தில் 90,000 ஒக்டோபரில், 60,000 ஜனவரியில். பழைய கடன் கழுத்தை நெரிக்கிற குடும்பம் என்றால் அவர்கள் முதல் பணத்தில் அதைத்தான் அடைப்பார்கள். அடைக்கட்டும். சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்காது, "நாங்க குடுத்தது கடன்காரனுக்குப் போயிற்று" என்பார்கள். பழைய கடன் அடைபட்டால்தான் இந்த முறை நெல் அவர்களுடையதாகும். தோட்டைத் திருப்பி எடுத்தாலும் அதே நியாயம்தான், அடுத்த அவசரத்துக்கு அதுதான் அவர்களின் வங்கி.

குடிதான் எல்லோருக்கும் முதல் பயம். கசிப்பால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம் சும்மா வரவில்லை. ஆனால் உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், காசு உதவியால் சாராயத்துக்கும் புகையிலைக்கும் போகிற செலவு கூடியதாகத் தெரியவில்லை. குடிக்கிறவர் நாம் கொடுக்காவிட்டாலும் குடிக்கிறார், கொடுத்த மாட்டை விற்றும் குடிப்பார். வீட்டுக்காரர் குடிப்பவர் என்று தெரிந்தால் பணம் பெண்சாதியின் கணக்குக்குப் போகட்டும். உண்மையில் எல்லா வீட்டிலும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, மனைவியின் கணக்குக்கு அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

காசு எதையும் செய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்டபோது, கையில் காசு இருந்தவரும் யூரியாவுக்கு அலைந்தார். கடையில் இல்லாத சாமானைக் காசு கொண்டுவராது. வாய்க்கால் உடைந்து கிடந்தாலோ, யானை வேலி அறுந்து கிடந்தாலோ, ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற பணம் அதைத் திருத்தாது. அதற்குக் கமக்காரர் அமைப்பும் அதிகாரிகளும் சேர வேண்டும். பிள்ளைக்கு நீண்டநாள் வருத்தம் உள்ள வீட்டில் எவ்வளவு கொடுத்தாலும் வைத்தியத்துக்கே போகும், அங்கே விவசாயம் முன்னேறும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது வேறு உதவி, அதையும் செய்ய வேண்டும்.

எந்தக் குடும்பம் என்று தெரிவு செய்வதில்தான் ஊரில் மனக்கசப்பு வரும். கிராம சேவகர், கமக்காரர் அமைப்பின் செயலாளர், ஊரில் மதிப்புள்ள இரண்டு பெண்கள் என்று நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, நாலு பேரும் சொல்கிற பெயரை எடுத்தால் பேச்சு குறையும். கொடுத்த பிறகு பற்றுச்சீட்டுக் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. படமும் வேண்டாம். வெட்டு முடிந்து ஒரு மாதத்தில் போய் ஒரு தேத்தண்ணி குடித்து, நெல்லை யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள், வீட்டுக்கு எத்தனை மூடை வைத்தார்கள் என்று கேட்டு வந்தால் போதும். அந்த இரண்டு பதிலிலேயே பணம் வேலை செய்ததா என்று தெரிந்துவிடும், அடுத்த குடும்பத்துக்குத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அதை வைத்துத் தீர்மானிக்கலாம்.

வெளிநாட்டில் காசு சேர்ந்து, சங்கக் கணக்குக்கு வந்து, கூட்டம் கூடிக் கையெழுத்துப் போட்டு முடிக்க ஒரு மாதமாவது போகும். ஆகவே இந்தப் பெரும்போகத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் கூட்டத்தை ஓகஸ்ட் கடைசியிலேயே வையுங்கள். அன்றைக்கே குடும்பத்தின் வங்கிப் புத்தகப் பிரதியை வாங்கி, இரண்டாவது பணம் அனுப்ப வேண்டிய திகதியையும் கூட்ட அறிக்கையில் எழுதிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜனவரியில் தைப்பொங்கல் வேலையில் அது மறந்துபோனால், லொறி வரம்போரத்துக்கு வந்துவிடும்.